கூரையாக இருந்த கேமரா

பண்டைய ரோமில் கேமரா செய்வது தச்சரும் பூச்சுவேலைக்காரரும் சேர்ந்து பார்த்த வேலை. கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் எழுதிய கட்டடக்கலை நூலின் ஏழாம் புத்தகத்தில் அதற்கான செய்முறை இருக்கிறது. வளைவுக்கு ஏற்றபடி மரச்சட்டங்களை இரண்டடிக்கு மேல் இடைவெளி விடாமல் வரிசையாகப் பொருத்த வேண்டும். சைப்ரஸ் மரம் உத்தமம். ஃபிர் மரம் சீக்கிரம் உளுத்துப்போகும். சட்டங்களுக்கு அடியில் கிரேக்க நாணலை நசுக்கி, ஸ்பெயின் தேசத்துப் புல்லில் திரித்த கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு சாந்துப் பூச்சு, அதன்மேல் மணல் கலந்த பூச்சு, கடைசியில் சுண்ணத்தூளோ சலவைக்கல் தூளோ போட்டு மெருகு. வேலை முடிந்து அண்ணாந்து பார்த்தால் தலைக்குமேல் வில்லாக வளைந்து நிற்கிறதே ஒரு விதானம், அதற்குத்தான் கேமரா என்று பெயர். அந்த விதானத்தின் கீழுள்ள அறைக்கு அந்தப் பெயர் இன்னும் வந்திருக்கவில்லை.

லத்தீன்காரர்கள் அதை 'கமெரா' என்றார்கள்; 'கமரா' என்று எழுதியவர்களும் உண்டு. ஆங்கிலத்தின் வழியே வாங்கிய நாம் கேமரா என்கிறோம். இலங்கைத் தமிழர் 'கமரா' என்று எழுதுவது இந்த விஷயத்தில் மூலத்துக்குப் பக்கம்.

சொல் லத்தீனுக்கே சொந்தமில்லை. கிரேக்கத்தில் 'கமாரா' என்றால் வளைந்து மூடிய எதுவும். ஹெரடோட்டஸ் பாபிலோனியப் பணக்காரப் பெண்கள் ஏறிச் சென்ற கூண்டு வண்டியை இந்தச் சொல்லால் குறிக்கிறார். கருங்கடல் ஓரத்துக் கொள்ளையர்கள் ஓட்டிய குறுகலான படகுகளுக்கும் இதே பெயர் என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஒரு படகில் இருபத்தைந்து பேர்வரை ஏறலாம், கரையில் இறங்கினால் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடலாம். அதே படகுகளைப் பற்றிச் சொல்லும் டாசிடஸ், அலை உயரும்போது பக்கப் பலகைகளை மேலே கட்டிக்கொண்டே போய் அவை கூரைபோல மூடிக்கொள்ளும் என்கிறார். வண்டியோ படகோ, வளைந்து மூடியிருந்தால் அதற்கு இந்தப் பெயர் பொருந்திவிட்டது.

ரோமானிய எழுத்தில் இந்தச் சொல் வரும் இடங்களில் இரண்டு மனதில் நிற்பவை, இரண்டும் சாவு சம்பந்தப்பட்டவை. கி.மு. 63-இல் ரோமில் சதி செய்த கேட்டிலைனின் கூட்டாளிகளைக் கழுத்தை நெரித்துக் கொன்ற துல்லியானம் என்ற பாதாளச் சிறையை சல்லஸ்ட் வர்ணிக்கிறார்: பன்னிரண்டடி ஆழம், சுற்றிலும் சுவர், மேலே கல் வளைவுகள் இணைந்த 'கமெரா'. இன்றும் ரோம் போகிறவர்கள் மன்றத்தின் ஓரத்தில் அந்தச் சிறைக்குள் இறங்கிப் பார்க்கலாம். அடுத்தது கி.பி. 59. தாய் அக்ரிப்பினாவைக் கொல்ல நீரோ தயாரித்த தந்திரக் கப்பல். அது உடைந்து மூழ்க வேண்டும், அல்லது அதன் 'கமரா' இடிந்து விழ வேண்டும் என்பது திட்டம் என்கிறார் சுவெட்டோனியஸ். அந்த அம்மாள் நீந்திக் கரையேறிவிட்டார்; பிறகு வீட்டுக்கே ஆள் அனுப்பித்தான் நீரோ காரியத்தை முடிக்க வேண்டியிருந்தது. கப்பலில் இடியவிருந்தது கூரையா, அந்தக் கூரை போட்ட அறையா? இரண்டாகவும் படிக்கலாம். கூரையின் பெயர் அறைக்கு இறங்கும் வழியை இந்த வாக்கியத்திலேயே பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

பேரரசு தளர்ந்த பிந்தைய லத்தீனில் இறக்கம் முழுமையடைந்துவிட்டது. கமெரா என்றால் அறை. அங்கிருந்து ஒவ்வொரு நாடும் தன் வாய்க்கு ஏற்றபடி அதை மென்றது. பிரெஞ்சில் நடு உயிர் தேய்ந்து ம-வும் ர-வும் ஒட்டிக்கொண்டன. உதடு மூடிச் சொல்லும் ம-விலிருந்து ர-வுக்குத் தாவும்போது இடையில் ஒரு ப ஒலி தானாகவே வந்து விழும். சொல்லிப் பார்த்தால் தெரியும். முதலில் நின்ற க, பிரெஞ்சின் வழக்கப்படி ச-வாக மாறி, 'ஷாம்ப்ர' ஆனது. 1066-க்குப் பிறகு நார்மன்காரர்களோடு அது இங்கிலாந்துக்குப் போய் 'சேம்பர்' ஆயிற்று. ஜெர்மானியர்கள் இதற்கெல்லாம் முன்பே லத்தீனிலிருந்து நேராக வாங்கியதால் அவர்களிடம் 'காமர்' என்று க கெடாமல் இருக்கிறது, டச்சுக்காரர்களிடமும் அப்படியே. இத்தாலியர்கள் எதையும் மாற்றவில்லை. ரோம் விடுதியில் இன்று கமெரா கேட்டால் கையில் ஒரு சாவியைக் கொடுப்பார்கள்.

'அன்று' முடிந்து 'இன்று' தொடங்கும் கோட்டை இந்தச் சொல்லில் போட முடியாது. ஒரு நாட்டில் வழக்கொழிந்த அர்த்தம் பக்கத்து நாட்டில் காலை முதல் இரவு வரை புழங்குகிறது. ஐரோப்பாவின் எந்த மொழிக்கும் உறவில்லாத பாஸ்க் மொழி இதற்கு நல்ல சாட்சி. அங்கே 'கன்பாரா' என்றால் கூரைக்கு நேர் கீழே உள்ள பரண். ஸ்பெயினின் விவசாய வீடுகளிலும் தானியம் போட்டுவைக்கும் மேல்மாடிக்கு 'காமரா' என்ற பெயர் உண்டு. ருமேனியர்களிடம் இது இரண்டு சொல்லாகப் பிரிந்து நிற்கிறது: இரண்டு உயிரெழுத்து வித்தியாசத்தில் ஒன்று படுக்கும் அறை, மற்றது ஊறுகாயும் மாவும் வைக்கும் சரக்கறை.

அறை என்ற அர்த்தம் வந்தபிறகு சொல்லுக்கு வாழ்வு வந்தது. காரணம், அரசனுக்கும் அறை உண்டு, அந்த அறையில் பணமும் உண்டு. பிராங்கு அரசர்களின் பொக்கிஷம் படுக்கையறையை ஒட்டியே இருந்தது. அறையைப் பார்த்துக்கொண்டவர் கஜானாவையும் பார்த்துக்கொண்டார். அந்த ஆளின் பெயர்தான் ஆங்கிலத்தில் சேம்பர்லின், ஜெர்மனில் கெமரர், இத்தாலியில் கமர்லெங்கோ. சேம்பர்லினுக்கும் கமர்லெங்கோவுக்கும் தலை லத்தீன், வால் ஜெர்மானியம். ரோமிலிருந்து வடக்கே போன சொல் வேற்று வாலோடு ரோமுக்கே திரும்பியிருக்கிறது.

2025 ஏப்ரல் 21-இல் போப் பிரான்சிஸ் இறந்த செய்தியை உலகுக்கு அறிவித்தவர் கமர்லெங்கோவாக இருந்த கார்டினல் கெவின் ஃபாரெல். போப் இறந்தால் அவருடைய குடியிருப்பைப் பூட்டி முத்திரையிடுவதும், அடுத்தவர் வரும்வரை சொத்துபத்துகளை நிர்வகிப்பதும் கமர்லெங்கோவின் பொறுப்பு. வீடும் பணமும் ஒரே ஆள் கையில் இருந்த பழைய ஏற்பாட்டை வேறெங்கும் இவ்வளவு அப்படியே பார்க்க முடியாது. இங்கிலாந்திலோ அரண்மனை அறையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய லார்டு சேம்பர்லின், 1737 முதல் 1968 வரை நாடகங்களைத் தணிக்கை செய்துகொண்டிருந்தார். லண்டன் மேடையில் என்ன வசனம் பேசலாம் என்பது அந்த அலுவலகத்தின் பேனாவில் இருந்தது. ஜெர்மன் ஊர்களில் நகராட்சி நிதிக்குப் பொறுப்பானவரை இன்றும் கெமரர் என்றே அழைக்கிறார்கள். பிரஷ்ய அரசர் முதலாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் 1727-இல் ஹாலே பல்கலைக்கழகத்திலும் ஓடர் நதிக்கரை ஃபிராங்க்ஃபுர்ட்டிலும் ஒரு புதிய பாடத்துக்குப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். 'காமர் இயல்' என்று அதற்குப் பெயர். அரசு கஜானாவை எப்படி நிரப்புவது, நாட்டை எப்படி நிர்வகிப்பது என்று அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு அது. பொருளாதாரம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று.

பணத்தை எண்ணும் அறையில் நாலு பேர் கூடிப் பேசத் தொடங்கினால் அது சபை. 1599-இல் மார்செய் வணிகர்கள் ஏற்படுத்திக்கொண்ட அமைப்புதான் முதல் வர்த்தக 'அறை'. 1836-இல் மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ் தொடங்கியபோது அந்தப் பெயர் அரபிக்கடலையும் தாண்டிவிட்டது. 1602-இல் பிறந்த டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஆறு ஊர்களின் ஆறு 'காமர்'களாக நடந்தது. ஆம்ஸ்டர்டாம் அவற்றில் பெரியது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் துணி வாங்கிய டச்சுக்காரர்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது இந்த அறைகளுக்குத்தான். இன்று நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் 150 பேர் கொண்ட கீழவைக்குப் பெயர் 'இரண்டாம் காமர்'. படிக்கப் போன மாணவர் வாடகைக்கு எடுக்கும் ஒற்றை அறையும் காமர்தான். யாருக்கும் குழப்பம் வருவதில்லை. இத்தாலியர்கள் 'கமெரா' என்று மட்டும் சொன்னால் செய்தித்தாளில் அது மக்களவை. 2020 வாக்கெடுப்பு அதன் 630 இடங்களை 400 ஆகக் குறைத்துவிட்டது. ஆங்கிலத்தின் 'பைகேமரல்' என்பதை நாம் 'ஈரவை' என்று அழகாகச் சொல்வதன் பின்னாலும் இந்த லத்தீன் கூரைதான் இருக்கிறது. 1986-இல் மேலவையை மூடியபின் தமிழ்நாட்டுக்கு இருப்பது ஓரவை.

ஸ்பெயினில் நடந்தது வேறு கதை. 16-ஆம் நூற்றாண்டு ராணுவத்தில் ஒரே அறையில் தங்கிய சிப்பாய்க் கூட்டத்துக்கு 'கமராதா' என்று பெயர். கூட்டத்தின் பெயர் பிறகு அதிலுள்ள ஒவ்வொருவனுக்கும் ஒட்டியது. அறைத்தோழன், பிரெஞ்சு வழியாக, ஆங்கிலத்தில் காம்ரேட் ஆனான். நம் ஊர் மேடைகளில் தோழரோடு சேர்ந்தே ஒலிக்கும் சொல். ஆனால் ஜெர்மானிய இடதுசாரிகள் தங்களுக்குள் இப்படி அழைத்துக்கொள்வதில்லை, அவர்கள் 'கெனோஸ'. அங்கே 'கமராட்' படைவீரனின் சொல். முதல் உலகப்போரில் கையைத் தூக்கிச் சரணடைந்த ஜெர்மானியர்கள் கத்தியதும் அதுதான். ரஷ்யர்களின் 'தவாரிஷ்' வேறு வேரிலிருந்து வந்தது. ஸ்பெயினிலோ பாசிஸ்ட் ஃபலாங்கே கட்சிக்காரர்களும் கம்யூனிஸ்டுகளும், ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட அதே ஆண்டுகளில், தத்தம் பக்கத்தவரை கமராதா என்றே அழைத்தார்கள்.

அதே ஸ்பெயினில் இன்று உணவகத்தில் காபி கொண்டுவருபவர் 'கமரேரோ'; ஒரு காலத்தில் பிரபுவின் அறைப் பணியாள். 1814-இல் நாடு திரும்பிய அரசர் ஏழாம் ஃபெர்டினாண்டின் முன்னறையில் காத்துக்கிடந்து காதைக் கடித்தவர்களை 'கமரில்யா' என்றார்கள், சின்ன அறை என்று பொருள். அந்தச் சொல்லை ஐரோப்பாவே கடன் வாங்கியது. தேவை எல்லா ஊரிலும் இருந்தது. ஜெர்மனியில் மூட்டைப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் மருந்தடிக்க வருபவர் 'காமர்யேகர்', அறை வேட்டைக்காரர். பிரெஞ்சில் மிதிவண்டி டியூப் 'காற்றறை'. சிவப்பு ஒயினை நிலவறையிலிருந்து எடுத்து அறையின் சூட்டுக்குக் கொண்டுவருவதற்கு 'ஷாம்ப்ரே' என்று ஒரு வினையே உண்டு. இதைக் கேட்டுவிட்டு இன்றைய வீட்டுச் சூட்டில் ஒயினை வைப்பவர்கள் அதைக் கெடுக்கிறார்கள். அந்தச் சொல் பிறந்த காலத்தில் பிரெஞ்சு வீட்டு அறைகள் குளிர்ந்து கிடந்தவை. ஜெர்மன் 'காமர்' சுமக்கும் இன்னொரு பாரம் உண்டு. நச்சுவாயு அறைக்கும் அந்த மொழியில் காமர் என்றே பெயர். அங்கே சின்ன, ஜன்னல் இல்லாத அறை என்று சொல்லும்போது 1945-க்குப் பிறகு எல்லோராலும் பழையபடி சொல்ல முடிந்திருக்காது.

இனி இருட்டறை. மூடிய அறையின் ஒரு சிறு துளை வழியே வெளியுலகம் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் இதை ஆராய்ந்து எழுதினார். 1558-இல் நேபிள்ஸின் ஜாம்பாத்திஸ்தா தெல்லா போர்த்தா தன் இயற்கை மாயவித்தை நூலில் இதை எழுதி ஊரெல்லாம் பரப்பினார். 'கமெரா ஒப்ஸ்கூரா', இருட்டறை, என்று இதற்குப் பெயர் நிலைத்தது கெப்ளர் 1604-இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலிருந்து. 1620-இல் லின்ஸ் நகரில் கெப்ளரைச் சந்தித்த ஆங்கிலத் தூதர் ஹென்றி வாட்டன், அவர் ஒரு நிலக்காட்சியை எப்படி வரைந்தார் என்று கேட்டு வியந்து பிரான்சிஸ் பேக்கனுக்குக் கடிதம் எழுதினார். ஓர் ஆள் நுழையுமளவு கறுப்புக் கூடாரம். காற்றாலை மாதிரி எந்தப் பக்கமும் திருப்பலாம். ஒரு துளையில் வில்லை. உள்ளே விழும் படத்தின்மேல் பேனாவை ஓட்டினால் போதும். அறையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்று ஆனது அப்போதுதான். அடுத்த நூறாண்டுக்குள் கூடாரம் மேசைமேல் வைக்கும் பெட்டியாயிற்று. ஆள் உள்ளே போக வேண்டியதில்லை. பெயர் மட்டும் அறை என்றே நின்றது.

1806-இல் வில்லியம் வொல்லஸ்டன் காப்புரிமை வாங்கிய கருவியில் அந்தப் பெட்டியும் இல்லை. ஒரு தண்டின் நுனியில் ஒரு பட்டகக் கண்ணாடி. பட்டப்பகலில் அதன் வழியே பார்த்தபடி தாளில் வரையலாம். அதற்கு அவர் வைத்த பெயர் 'கமெரா லூசிடா', வெளிச்ச அறை. சுவரும் கூரையும் இல்லாத அறை! 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ஃபாக்ஸ் டால்பட் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு வரைய முயன்று, கை வராமல் எரிச்சலடைந்தார். படம் தானே தாளில் பதிந்துவிட்டால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்ததாக அவரே பிற்பாடு எழுதினார். 1835-இல் லேகாக் வீட்டு ஜன்னலைப் பதிவு செய்த அவருடைய மரப்பெட்டிகள் மிகச் சிறியவை. அவற்றை அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் எலிப்பொறி என்றார். வைத்த பெயர்களிலேயே மிகச் சரியான பெயர் அதுதான். ஊர் கேட்கவில்லை. 1839-இல் பிரெஞ்சுக்காரர் டாகேரின் புகைப்பட முறையும் டால்பட்டின் முறையும் வெளியானபின், இருட்டறையில் இருட்டு உதிர்ந்து, ஆங்கிலத்தில் கேமரா மட்டும் மிஞ்சியது.

இங்கேதான் மொழிகள் சிக்கிக்கொண்டன. ஆங்கிலேயருக்குத் தொல்லையில்லை, அறைக்கு வேறு சொல் இருந்ததால் லத்தீன் வடிவம் காலியாகக் கிடந்தது. இத்தாலியருக்கு அது படுக்கையறை. ஆகவே 'புகைப்பட இயந்திரம்' என்று சுற்றி வளைத்தார்கள். இப்போது 'ஃபோட்டோகமெரா' என்று முன்னொட்டு போட்டும் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் புகைப்படக் கருவியை 'அப்பரேய்' என்று வைத்துக்கொண்டு, சினிமா வந்தபிறகு 'கமெரா'வைப் படம் ஓட்டும் கருவிக்கு மட்டும் எடுத்தார்கள். ஜெர்மனியும் நெதர்லாந்தும் ஒரே சொல்லை இரண்டு தடவை வாங்கி, பழையதை அறைக்கும் புதியதைக் கருவிக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டன. ரஷ்ய மொழியில் 'காமெரா' என்றால் சிறைக்கொட்டடி, ரயில் நிலையத்தில் சாமான் ஒப்படைக்கும் இடம், காணொளிக் கருவி. கொட்டடியைக் கண்காணிக்கும் கருவியும், அது கண்காணிக்கும் கொட்டடியும் அங்கே ஒன்றே.

ஆங்கிலச் சட்ட மொழியோ இந்தப் பொருள்மாற்றத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. 'இன் கேமரா' விசாரணை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது, நீதிபதியின் அறைக்குள் என்று பொருள். பாலியல் வன்முறை வழக்குகளை இப்படித்தான் நடத்த வேண்டும் என்று 1983-இல் நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கேமரா வைத்து நடக்கும் விசாரணை என்று அர்த்தம் செய்துகொள்பவர்களை நீதிமன்ற வாசலில் காணலாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வுகளை நேரலையில் காட்டத் தொடங்கியபிறகு, கேமரா வைத்த நீதிமன்றமும் 'இன் கேமரா' நீதிமன்றமும் நேர் எதிரெதிர். யாரும் பார்க்காமல் காத்த சொல், இன்று தெருமுனைக் கம்பத்தில் ஏறி எல்லோரையும் பார்க்கிறது. மருத்துவ லத்தீனில் விழிக்குள் கருவிழிப்படலத்துக்குப் பின்னால் இருக்கும் நீர் நிறைந்த இடம் இன்னும் 'கமெரா' என்றே எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்தின் ஆங்கிலக் கிளை வழக்கறிஞரின் சேம்பரிலும், சூளையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் சேம்பர் செங்கல்லிலும் வாழ்கிறது. போர்த்துகீசியக் கிளைக்கு வேறு தலையெழுத்து. 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கப்பலில் கொண்டுவந்த 'காமரா' இந்தியில் 'கம்ரா' ஆனது. கொழும்பில் சிங்களவர்கள் அறையை இன்றும் 'காமரய' என்கிறார்கள், படம் எடுக்கும் கருவியை 'கெமராவ' என்கிறார்கள், முன்னது போர்த்துகல் சரக்கு, பின்னது ஆங்கிலச் சரக்கு. லிஸ்பனில் போய் காமரா எங்கே என்று கேட்டால் மாநகராட்சி அலுவலகத்துக்கு வழிகாட்டுவார்கள். தூங்கும் அறையை அங்கே 'குவார்த்து' என்கிறார்கள். போர்த்துகீசியரிடமிருந்து ஜன்னல், அலமாரி, மேசை, சாவி எல்லாவற்றையும் வாங்கிப்போட்ட தமிழர்கள், அவற்றை வைக்கும் இடத்தை மட்டும் அன்றாடப் பேச்சில் அறை என்றே விட்டுவிட்டார்கள்.